பதினோரு பல் ஏறிய கை பிரேக்

நேற்று மாலை ஐந்து மணிக்கு எங்கள் வீட்டுச் சரிவில் காரை நிறுத்தினேன். கை பிரேக்கை இழுத்துவிட்டு கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்தேன். பின் டயருக்கு ஒரு சாண் கீழே கட்டை வைத்தேன். டயர் தரையைத் தொடும் இடத்தில் டயரிலும் சாலையிலும் சேர்த்து ஒரே சாக்பீஸ் கோடு போட்டேன். ஆறு மணிக்கு டார்ச் அடித்துப் பார்த்தபோது கோடு உடையாமல் நேராக இருந்தது. லீவர் ஐந்தாவது பல்லில் நின்றிருந்தது. இழுக்கும்போது 'டக்' என்று கேட்கும் ஒவ்வொரு படியும் ஒரு பல். இந்த ஐந்து பல்லுக்கு வந்து சேர எனக்கு ஏழு வாரங்கள் ஆகியிருக்கின்றன. அதில் நான்கு வாரங்கள் தவறான இடத்தில் வேலை பார்த்ததால் போனவை. அந்தத் தவற்றையும் சேர்த்தே எழுதுகிறேன்.

கார் 2012-ஆம் ஆண்டு மாடல், சிறிய பெட்ரோல் வண்டி. 86,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம் பிரேக். வீடு கோத்தகிரியில். இங்கே சமதளம் என்பதே அரிது. எங்கள் வாசல் சரிவை ஒரு மீட்டர் பலகையும் ரசமட்டமும் வைத்து அளந்தேன்: ஒரு மீட்டருக்கு 17 சென்டிமீட்டர் இறக்கம். அதில் தினமும் வண்டி நிற்க வேண்டும்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் காய்கறிப் பையை இறக்கிக்கொண்டிருந்தபோது வண்டி தானாக ஓர் அடி பின்னால் உருண்டது. அம்மா அப்போது பின்பக்கம்தான் நின்றிருந்தார். சத்தம் கேட்டு விலகிவிட்டார். வழக்கமாக வைக்கும் கல்லில் டயர் முட்டி நின்றது. கை பிரேக் இழுத்துத்தான் இருந்தது. இறக்கிவிட்டு மறுபடி மெல்ல இழுத்து எண்ணினேன். 'டக், டக்' என்று பதினோரு பல் ஏறிய பிறகுதான் கையில் லேசான இறுக்கம் தெரிந்தது. பெரும்பாலான சிறிய கார்களில் நான்கிலிருந்து எட்டுப் பல்லுக்குள் சக்கரம் பூட்டிக்கொள்ள வேண்டும். பல்லை எண்ணும் பழக்கம் எனக்கு அதுவரை இருந்ததில்லை. இருந்திருந்தால் ஏழாவது பல்லிலேயே கவனித்திருப்பேன்.

முதலில் செய்தது எல்லோரும் செய்வதுதான். இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே உள்ள பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினேன். லீவரின் அடியில் மரை போட்ட கம்பியும் அதில் ஒரு நட்டும் இருந்தன. அந்த நட்டை முறுக்கினால் பின் சக்கரங்களுக்குப் போகும் பிரேக் கேபிள்கள் இறுகும். 10 நம்பர் ஸ்பேனரால் ஏழு சுற்று முறுக்கினேன். லீவர் நான்காவது பல்லில் நின்றது. சரிவில் வண்டி அசையவில்லை. கால் மணி நேர வேலை, ஒரு ரூபாய் செலவில்லை. வேலை முடிந்துவிட்டது என்று முழுமையாக நம்பினேன்.

பன்னிரண்டாம் நாள் மேட்டுப்பாளையத்துக்கு இறங்கினோம். முப்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான மலைப்பாதை. இரண்டாவது கியரில்தான் இறங்கினேன், பிரேக்கை அதிகம் மிதிக்கவில்லை. பாதி வழியில் தீய்ந்த வாடை வந்தது. எதிரே ஏறிவந்த லாரியின் கிளட்ச் வாடை என்று நினைத்துக் கண்ணாடியை ஏற்றிவிட்டேன். கீழே போய் நிறுத்தி நான்கு சக்கரங்களுக்கும் அருகே கையைக் கொண்டுபோனபோது இடது பின் சக்கரம் மட்டும் அனலடித்தது. பாட்டில் தண்ணீரில் சில துளிகளைத் தெளித்தேன். டிரம்மில் பட்ட துளி 'சுர்' என்று ஆவியானது. வலது டிரம் வெறும் வெதுவெதுப்பு. கை பிரேக்கை இறக்கிய பிறகும் இடது சக்கரத்தில் ஷூ, அதாவது டிரம்மின் உட்சுவரில் அழுந்திச் சக்கரத்தை நிறுத்தும் வளைந்த துண்டு, விலகாமல் உரசிக்கொண்டே வந்திருக்கிறது.

அங்கேயே மூடியைக் கழற்றி ஏழு சுற்றையும் திருப்பிவிட்டேன். ஏறும்போது வாடை இல்லை.

பக்கத்து வீட்டு அண்ணன் மலைப்பாதையில் பல ஆண்டுகள் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். நடந்ததைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "கால் பிரேக் எங்கே பிடிக்கிறது தம்பி?" மிதித்துக் காட்டினேன். பெடல் கொஞ்சம் கீழே போய்த்தான் பிடித்தது. உடனே இரண்டாம் முறை மிதித்தால் மேலேயே பிடித்தது. "அப்படியென்றால் ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவில் இடைவெளி அதிகம். மேலே எவ்வளவு முறுக்கினாலும் வேலை நடப்பது கீழே. டிரம்மைக் கழற்றிப் பாருங்கள்" என்றார். அந்த இரண்டு மிதிக்கும் உள்ள வித்தியாசத்தை நான் மாதக் கணக்கில் காலால் உணர்ந்துகொண்டிருந்தேன். கை பிரேக்கோடு அதைச் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை.

டிரம்மைக் கழற்றச் சமதளம் வேண்டும். எங்கள் வாசலில் ஜாக்கி போடுவது உயிரோடு விளையாடுவது. தெருமுனையில் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்கு முன்னால் சிமெண்ட் தளம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நிறுவை இல்லை என்பதால் கேட்டு அனுமதி வாங்கினேன். கை பிரேக்கை இறக்கி வைத்துத்தான் இந்த வேலையைச் செய்ய முடியும். எனவே முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை, கியர் முதலாவதில். சக்கர நட்டுகளை வண்டி தரையில் இருக்கும்போதே தளர்த்தினேன். பிறகு ஜாக்கியால் தூக்கி, பின்பக்கம் இரண்டிலும் இரும்பு ஸ்டாண்டு வைத்தேன். ஸ்டாண்டு ஒரு ஜோடி 1,400 ரூபாய்க்கு இதற்காகவே வாங்கியது. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் கையை நீட்டாதீர்கள். செங்கல்லும் வேண்டாம், அது சொல்லாமல் நொறுங்கும். ஓட்டுநர் இருக்கையில் ஒரு பெரிய அட்டைப் பெட்டியை வைத்தேன். டிரம் இல்லாத நேரத்தில் யாராவது ஏறி உட்கார்ந்து பிரேக்கை மிதித்துவிட்டால், ஷூக்களைத் தள்ளும் வீல் சிலிண்டரின் பிஸ்டன் வெளியே வந்துவிடும்.

வலது டிரம் நாலு தட்டில் வந்தது. இடது டிரம் வரவில்லை. அதை ரப்பர் சுத்தியலால் அரை மணி நேரம் தட்டினேன். பிறகு இரும்புச் சுத்தியலை எடுத்தேன். ஓரத்தில் ஒரு சில்லு பெயர்ந்ததும் நிறுத்திவிட்டேன். அதன் பிறகுதான் டிரம்மின் முகத்தில் எதிரெதிரே இரண்டு மரைத் துளைகள் இருப்பதைக் கவனித்தேன். துருவும் சேறும் அடைத்திருந்தன. ஊசியால் குடைந்து சுத்தம் செய்து, 8 மில்லிமீட்டர் போல்ட் இரண்டை விட்டு, இந்தப் பக்கம் அரைச் சுற்று அந்தப் பக்கம் அரைச் சுற்று என்று மாற்றி மாற்றி முறுக்கினேன். எட்டாவது முறையில் 'டங்' என்று டிரம் விட்டுக்கொடுத்தது. பத்து ரூபாய்ப் போல்ட் செய்கிற வேலைக்குச் சுத்தியலை எடுத்திருக்கிறேன்.

உள்ளே இருந்த தூசியை வாயால் ஊதக் கூடாது, காற்றுக் குழாயாலும் அடிக்கக் கூடாது. பழைய லைனிங்கில், அதாவது ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் உரசும் பட்டையில், ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்க வாய்ப்புண்டு. முகக்கவசம் அணிந்து, அடியில் ஒரு தட்டு வைத்து, பிரேக் கிளீனர் அடித்துக் கழுவி இறக்கினேன்.

கழுவியதும் கதை முழுவதும் கண்ணுக்குத் தெரிந்தது. வெர்னியரால் லைனிங்கை அளந்தேன். வலது பக்கம் 3.2, 3.4 மில்லிமீட்டர். இடது பக்கம் முன் ஷூ 1.6, பின் ஷூ 2.1. இரண்டு ஷூக்களுக்கும் குறுக்கே கிடக்கும் தடியில் நட்சத்திரம் போலப் பல் வெட்டிய சிறு சக்கரம் உண்டு. லைனிங் தேயத் தேய அந்தச் சக்கரம் ஒவ்வொரு பல்லாகத் தானே திரும்பித் தடியை நீளமாக்கி, இடைவெளியை ஈடுகட்ட வேண்டும். வலது பக்கத்தில் விரலால் தள்ளினாலே திரும்பியது. இடது பக்கத்தில் மரைக்குள் துரு ஏறி இறுகியிருந்தது. தடி நீளவே இல்லை. லைனிங் தேய்ந்த அளவு முழுவதும் வெற்று இடமாகச் சேர்ந்துகொண்டே வந்து, அது லீவரில் பதினோரு பல்லாக வெளிப்பட்டிருக்கிறது.

அதோடு நிற்கவில்லை. இடது கேபிளை ஷூவின் கொக்கியிலிருந்து விடுவித்து இழுத்துப் பார்த்தேன். இழுபட்டது, விட்டால் திரும்பவில்லை. வண்டிக்கு அடியில் படுத்து டார்ச் அடித்துத் தேடியபோது, கிளாம்ப் பிடித்திருக்கும் இடத்தில் கேபிளின் மேலுறை இரண்டு விரற்கடை நீளத்துக்கு வெடித்திருந்தது. கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழைதான் கனமழை. அது ஓய்ந்த பிறகும் பனி விடுவதில்லை. அந்த வெடிப்பு வழியாக நீர் இறங்கி உள் கம்பியைத் துருப்பிடிக்க வைத்திருக்கிறது. நான் மேலே ஏழு சுற்று முறுக்கியபோது இந்தத் திரும்பாத கேபிளைத்தான் இன்னும் இழுத்துக் கட்டியிருக்கிறேன். ஷூ பின்வாங்க வழியில்லாமல் போனது அதனால்தான்.

இதில் என் பங்கு ஒன்றும் உண்டு. கை பிரேக் சற்றுத் தளர்ந்தபோதே அதன்மேல் நம்பிக்கை இழந்து, ஒரு வருடத்துக்கு மேலாக வண்டியைக் கியரிலும் கல்லிலும் நிறுத்தப் பழகிவிட்டேன். தினமும் இழுத்து இறக்கியிருந்தால் கேபிள் இந்த அளவுக்கு இறுகியிருக்காது.

அன்றைக்கு இன்னொரு தவறும் செய்தேன். புதிய கேபிள் வாங்க மனமில்லாமல், வெடிப்பின் வழியாக மெல்லிய எண்ணெயை ஊசிக்குழலால் விட்டு முன்னும் பின்னும் நூறு முறை இழுத்தேன். சாயங்காலம் நன்றாக ஓடியது. மகிழ்ச்சியோடு எல்லாவற்றையும் மூடிவிட்டுப் போனேன். மறுநாள் காலைப் பனியில் பார்த்தால் மறுபடி கல்லாக இருந்தது. உறை வெடித்த கேபிளுக்கு வைத்தியம் கிடையாது.

மேட்டுப்பாளையத்துக்குப் பஸ்ஸில் போய்ப் பழைய கேபிளைக் காட்டி அதே நீளத்தில் வாங்கிவந்தேன். மாடல் பெயரை மட்டும் சொல்லி வாங்காமல் பழையதைத் தரையில் பக்கத்தில் போட்டு ஒப்பிட்டது நல்லதாயிற்று. கடைக்காரர் முதலில் எடுத்துக் கொடுத்தது நான்கு விரற்கடை நீளம் அதிகம். இடது, வலது என்று கேபிள் வேறுபடும் வண்டி இது. ஷூ நான்கும் சேர்த்து வாங்கினேன். வலது பக்கத்தில் இன்னும் ஓடும் அளவுக்கு லைனிங் இருந்தாலும், ஒரு பக்கம் புதியதும் மறுபக்கம் பழையதுமாகப் போட்டால் மழைச் சாலையில் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

செலவு: ஷூ 820, இடது கேபிள் 540, ஸ்பிரிங்கும் ஊசிகளும் சேர்ந்த செட் 240, பிரேக் கிளீனர் 280, சூடு தாங்கும் கிரீஸ் 60, உப்புத்தாள் 30. ஆக 1,970 ரூபாய். ஸ்டாண்டு தனி.

கேபிளைக் கழற்றுவதில் ஒரு சிக்கல். டிரம்முக்குப் பின்னால் உள்ள தகட்டில் அது நுழையும் இடத்தில் விரிந்த நகங்கள் போன்ற கவ்விகள் இருக்கின்றன. மூன்றையும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் வெளியே வரும். மூக்கு பிளேயரால் ஒன்றை அமுக்கினால் மற்றது விரிந்தது. 12 நம்பர் ரிங் ஸ்பேனரின் வளையத்தை அதன்மேல் நுழைத்துத் தள்ளியதும் மூன்றும் ஒன்றாக அமுங்கிக் கேபிள் நழுவி வந்தது. ஒரு மணி நேரப் போராட்டம் ஒரு நிமிடத்தில் முடிந்தது. இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டதற்காகவே இந்தப் பதிவை எழுதலாம்.

ஷூ மாற்றும்போது ஒரு நேரத்தில் ஒரு பக்கத்தை மட்டும் பிரித்தேன். மற்றப் பக்கம் பார்த்துப் பொருத்த மாதிரியாக இருந்தது. கைப்பேசியில் பதினான்கு படங்களும் எடுத்து வைத்தேன். எந்த ஸ்பிரிங் எந்தத் துளையில், கொக்கி உள்ளிருந்தா வெளியிலிருந்தா என்பதெல்லாம் பத்து நிமிடத்தில் மறந்துபோகும். ஸ்பிரிங்கை மாட்ட ஸ்குரூடிரைவரால் நெம்பும்போது கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். ஒரு முறை நழுவிக் கொட்டகைச் சுவரில் போய்த் தெறித்தது. ஷூ உரசும் ஆறு இடங்களில், பின் தகட்டில், கடுகளவு கிரீஸ் மட்டும். லைனிங்கில் விரல்கூடப் படக் கூடாது. வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை ஓரமாகத் தூக்கிப் பார்த்தேன். உள்ளே ஈரம் இல்லை. ஈரம் இருந்திருந்தால் சிலிண்டரையும் மாற்ற வேண்டியிருக்கும்.

நட்சத்திரச் சக்கரத் தடியை மண்ணெண்ணெயில் ஒரு இரவு ஊறப்போட்டு, கம்பி பிரஷ்ஷால் மரையைத் தேய்த்து, கிரீஸ் தடவி விரலால் சுழலும்வரை விடவில்லை. இடது தடியின் மரையும் வலது தடியின் மரையும் எதிரெதிர்த் திசையில் வெட்டப்பட்டவை. கலந்துவிட்டால் பிரேக் தளரும் பக்கமாகத் தானே திரும்பிக்கொண்டிருக்கும். இரண்டையும் தனித்தனி டப்பாவில் போட்டேன்.

டிரம்மின் உட்புறத்தை 80 நம்பர் உப்புத்தாளால் குறுக்காகத் தேய்த்து மினுமினுப்பைப் போக்கினேன். அடுத்தது ஷூவின் அகலத்தை வைப்பது. என் வெர்னியர் 150 மில்லிமீட்டர்தான், 180 மில்லிமீட்டர் டிரம்முக்கு எட்டாது. மூங்கில் குச்சி ஒன்றைச் சீவிச் சீவி, டிரம்முக்குள் விட்டால் இருபுறமும் தொட்டும் தொடாமலும் நிற்கும் அளவுக்கு வெட்டினேன். அந்தக் குச்சியைப் பூட்டிய ஷூக்களின் மேல் குறுக்கே பிடித்து, நகக்கனம் குறைவாக வரும்வரை நட்சத்திரச் சக்கரத்தைத் திருப்பினேன். டிரம்மைப் போட்டுக் கையால் சுற்றினால் லேசாக 'ஸ்ஸ்' என்று உரசிச் சுழன்றது. அதுதான் வேண்டிய அளவு. பூட்டிக்கொண்டால் இரண்டு பல் தளர்த்த வேண்டும், சத்தமே இல்லையென்றால் இரண்டு பல் விரிக்க வேண்டும்.

இவ்வளவும் நடக்கும்போது லீவரின் அடியில் உள்ள நட் முழுவதும் தளர்ந்தே இருந்தது. அப்படித்தான் இருக்க வேண்டும். கேபிள் இழுபட்டு நின்றால், டிரம்முக்குள் கேபிள் இழுக்கும் சிறு ஷூ லீவர் தன் ஓய்விடத்துக்குப் போகாது. போகாதவரை தானியங்கிச் சரிப்பானும், அதாவது நட்சத்திரச் சக்கரத் தடியும், வேலை செய்யாது. டிரம் இரண்டையும் மாட்டிய பிறகு, கை பிரேக் இறங்கிய நிலையிலேயே கால் பிரேக்கை முப்பது முறை அழுத்தி விட்டேன். பின்னால் குனிந்திருந்த அண்ணன் "டிக் டிக் என்று கேட்கிறது தம்பி" என்றார். பத்தாவது மிதிக்குப் பிறகு அந்தச் சத்தம் நின்றது. பெடல் முன்பைவிட நன்றாக மேலே பிடித்தது.

கடைசியாகத்தான் நட். முறுக்குவதும், லீவரை இழுப்பதும், சக்கரத்தைச் சுற்றிப் பார்ப்பதுமாக இருபது நிமிடம். இரண்டு பல்லில் இரு சக்கரமும் தடையின்றிச் சுற்ற வேண்டும். மூன்றில் கனக்கத் தொடங்க வேண்டும். ஆறில் இரு கையாலும் திருப்ப முடியக் கூடாது. இறக்கினால் உடனே விட வேண்டும். இரண்டு கேபிளையும் பிடித்திருக்கும் குறுக்குத் தகடு சாயாமல் நேராக நிற்கிறதா என்றும் பார்த்தேன். முன்பு அது இடப்பக்கம் சாய்ந்திருந்ததை நட்டை முறுக்கிய அன்றே பார்த்தேன், பொருள் புரியவில்லை. முதல் முறை ஏழு சுற்று தேவைப்பட்ட இடத்தில் இம்முறை ஒன்றரைச் சுற்று போதுமாக இருந்தது.

வேலை முடிந்த அன்றே சரிவில் சோதித்தேன். ஆறாவது பல்லிலும் வண்டி மெல்ல நகர்ந்து கட்டையில் முட்டியது. அந்த இரவு தூக்கம் வரவில்லை. எதைத் தவறாக மாட்டினேன் என்று படங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். தவறு எதுவும் இல்லை. புதிய லைனிங்கின் வளைவும் பழைய டிரம்மின் வளைவும் இன்னும் பொருந்தவில்லை, அங்கங்கே மட்டும் தொட்டுக்கொண்டிருக்கின்றன. மூன்று வாரம் கல்லும் கியரும் துணையாக வைத்து, ஊருக்குள் இருநூறு கிலோமீட்டர் ஓட்டினேன். பிறகு நட்டை அரைச் சுற்று மட்டும் முறுக்கினேன். நேற்றைய சாக்பீஸ் சோதனை அதற்குப் பிறகுதான். வண்டியின் முகம் மேல்நோக்கி ஒரு மணி நேரம், திருப்பி நிறுத்தி கீழ்நோக்கி ஒரு மணி நேரம். இரண்டிலும் ஐந்து பல். இன்று காலை மேட்டுப்பாளையம்வரை இறங்கி ஏறிவிட்டு நான்கு சக்கரங்களையும் தொட்டுப் பார்த்தேன். பின் இரண்டும் ஒரே வெதுவெதுப்பு.

அடுத்த முறை நட்டை முதலில் தொட மாட்டேன். பல் ஏழைத் தாண்டிய அன்றே டிரம்மைக் கழற்றுவேன். டிரம்மின் மரைத் துளைகளில் கிரீஸ் அடைத்து மூடியிருக்கிறேன், மறுபடி துரு அடைக்காது. கேபிளை வெளியிலிருந்து பார்க்க ஐந்து நிமிடம் போதும், ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்னும் பார்ப்பேன். கழுவிய ஈரத்தோடு பல நாள் நிறுத்தி வைப்பதாக இருந்தால் மட்டும் கை பிரேக்கை இழுக்காமல் கியரும் கட்டையும் வைப்பேன். ஈரத்தில் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். மற்ற நாட்களில் சமதளமாக இருந்தாலும் இழுத்துத்தான் இறங்குகிறேன்.

வலது கேபிளின் உறையும் அதே கிளாம்ப் இடத்தில் வெளுத்து, மயிரிழை போன்ற விரிசல் விட்டிருக்கிறது. உள்ளே இன்னும் துரு இல்லை. வெயில் காயும் ஒரு மதியத்தில் அதன்மேல் ரப்பர் நாடா சுற்றி இரு முனையையும் கட்டிவிட்டேன். புதிய கேபிளும் வாங்கி வைத்திருக்கிறேன். மாசி மாதம் மழை விட்டதும் அதே சிமெண்ட் தளத்தில் மாற்ற வேண்டும்.